மரவாழ் டாரன்டுலா: எந்த இனத்தை வாங்குவது, எப்படி வைத்திருப்பது?

கேள்வி: பட்டைக்கூடு

அனைவருக்கும் வணக்கம். தரையில் வளை தோண்டி வாழும் டாரன்டுலா (உடலெங்கும் மயிர் அடர்ந்த பெரிய சிலந்தி) ஒன்றைச் சில ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். காய்ந்த மண், ஒரு தண்ணீர்க் கிண்ணம், பதுங்க ஒரு மறைவிடம், வாரத்துக்கு ஒரு பூச்சி என்று அதன் தேவைகள் மிகக் குறைவு என்பதால் இதுவரை எவரிடமும் ஆலோசனை கேட்க நேரவில்லை. இப்போது மரத்தில் வாழும் இனம் ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறேன். காரிபெனா வெர்சிகலர், அவிகுலேரியா அவிகுலேரியா, பொசிலோதெரியா மெட்டாலிகா ஆகிய மூன்றும் என் பட்டியலில் உள்ளன. மூன்றாவதன் நீல நிறம்தான் என்னை முதலில் ஈர்த்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்குள்ள ஐயங்கள் இவை. மரவாழ் இனங்களில் முதன்முறையாக இறங்குபவருக்கு இவற்றுள் எது பொருந்தும்? கூட்டின் ஈரப்பதம் எப்போதும் 80 விழுக்காடு இருக்க வேண்டும் என்று சிலரும், காற்றோட்டமே முக்கியம் என்று சிலரும் எழுதுகிறார்கள். காற்றுத் துளைகளைக் கூட்டினால் ஈரம் போய்விடுகிறது, குறைத்தால் கண்ணாடியில் நீர் முத்துகள் கோத்து நிற்கின்றன, எனில் எதை நம்புவது? விரல் நக அளவுள்ள குஞ்சு மலிவாகவும், பாதி வளர்ந்த சிலந்தி பல மடங்கு விலையிலும் கிடைக்கின்றன. எதை வாங்குவது அறிவுடைமை?

பதில்: எட்டுக்கால்

உங்கள் இரண்டாவது ஐயத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அவிகுலேரியா, காரிபெனா குஞ்சுகள் பெருவாரியாக இறப்பதற்குக் காரணமாக நான் கருதுவது அதுதான். இச்சிலந்திகள் மழைக்காடுகளைச் சேர்ந்தவை என்பது உண்மை. ஆனால் அவை தரையோடு ஒட்டிய சகதியில் வாழ்வதில்லை. மழை பெய்தாலும் சற்று நேரத்தில் காற்று உலர்த்திவிடும் கிளைகளிலும் இலைகளின் இடையிலும் பட்டை இடுக்குகளிலும் வலைக்குழாய் கட்டி வாழ்கின்றன. இதைக் கவனியாமல், 80 என்ற எண்ணை ஈரப்பதமானியில் காண்பதற்காகத் துளைகளை அடைத்து நாள்தோறும் நீர் தெளிப்பவர்கள், தேங்கிய ஈரக்காற்றுக்குள் சிலந்தியை அடைத்துவைக்கிறார்கள். பூஞ்சை முதலில் இரையின் மிச்சங்களில் வெள்ளைப் பஞ்சாகத் தோன்றும். அது கண்ணில் படும் வேளையில் குஞ்சு ஏற்கெனவே சோர்ந்திருக்கும்.

ஆகவே எண்ணை மறந்துவிடுங்கள். கூட்டின் எதிரெதிர்ப் பக்கங்களில், ஒன்று கீழாகவும் மற்றொன்று மேலாகவும் அமையும்படி துளைகள் இருந்தால் காற்று தானே உள்ளே வந்து வெளியேறும். மூடியில் மட்டும் துளையிட்டால் அது நடப்பதில்லை. ஈரத்துக்கு, எப்போதும் நீர் உள்ள ஒரு சிறு கிண்ணம் வையுங்கள். அதை நிரப்பும்போது சற்று வழியவிட்டு, அடியில் பரப்பிய தேங்காய் நார்த்தூளில் ஒரு பக்கம் மட்டும் நனையச் செய்யுங்கள். அது மேற்பரப்பில் காய்ந்த பிறகே மறுபடி நனைக்க வேண்டும். குஞ்சுகளுக்குக் கிண்ணம் பெரிதாகத் தோன்றினால், வலையின் ஓரத்தில் வாரம் ஓரிரு முறை சில நீர்த்துளிகள் படும்படி தெளித்தால் போதும். அவை அத்துளிகளைக் குடிப்பதைக் காணலாம். கிண்ணத்தில் பஞ்சு வைக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உள்ளது. அதனால் அழுக்குத் தேங்குவதைத் தவிர ஒரு பயனும் இல்லை.

கூட்டின் வடிவம் அகலத்தைவிட உயரம் மிகுந்ததாக இருக்க வேண்டும். வளர்ந்த சிலந்திக்கு 20 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் போதுமானது. அதில் சாய்வாகவோ செங்குத்தாகவோ ஒரு கார்க் பட்டையைப் பொருத்தி, அதன் மேல்முனைக்கு அருகே வலை கட்டத் தோதாகச் செயற்கைக் கொடியோ இலைகளோ வையுங்கள். அடியில் தேங்காய் நார்த்தூளை 5 முதல் 8 செ.மீ. வரை பரப்பினால் சரி. மேல்மூடிக் கூட்டைவிட முன்கதவுக் கூட்டை நான் பெரிதும் விரும்புவேன். ஏனெனில் இச்சிலந்தி பெரும்பாலும் கூரையின் மூலையையே வீடாக்கிக்கொள்ளும். ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் நீங்கள் அதன் வலையைக் கிழிப்பீர்கள், அது கலங்கி ஓடும்.

வெப்பத்தைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. 22 முதல் 28 பாகை செல்சியஸ் வரை அறை இருந்தால் தனியாகச் சூடேற்ற வேண்டியதில்லை. விளக்கு வேண்டவே வேண்டாம், அது கூட்டை உலர்த்திவிடும்.

பதில்: இரவுவாசி

எட்டுக்கால் அவர்கள் இனத்தேர்வைத் தொடவில்லை என்பதால் அதைப் பற்றி எழுதுகிறேன்.

உங்கள் பட்டியலில் முதல் இரண்டும் ஒரு வகை, மூன்றாவது முற்றிலும் வேறு வகை. காரிபெனா வெர்சிகலர் கரீபியன் கடலிலுள்ள மார்டினிக் தீவைச் சேர்ந்தது. 2017 வரை அவிகுலேரியாப் பேரினத்தில்தான் வைக்கப்பட்டிருந்தது, ஆகவே பழைய குறிப்புகளில் அவிகுலேரியா வெர்சிகலர் என்றே காண்பீர்கள். குஞ்சுப் பருவத்தில் முழுக்க நீலமாக இருந்து, வளர வளரத் தலைமார்பு பச்சையாகவும் வயிறு சிவப்பாகவும் மாறும். நீலம்தான் வேண்டும் என்பவருக்கு இது சற்று ஏமாற்றமாக இருக்கலாம், ஆனால் அந்நிறமாற்றத்தை ஒவ்வொரு தோலுரிப்பிலும் கண்டுவருவது இதை வளர்ப்பதன் பெரும் இன்பம் என்பது என் எண்ணம். அவிகுலேரியா அவிகுலேரியா தென் அமெரிக்காவின் வடபகுதியைச் சேர்ந்தது. கரிய உடலும் இளஞ்சிவப்புக் கால்நுனிகளும் உடையது. இவ்விரண்டும் அச்சுறும்போது கடிப்பதைவிடத் தாவி ஓடுவதையே பெரிதும் நாடும். சில நேரங்களில் பின்புறத்திலிருந்து எச்சத்தைப் பீய்ச்சும், அது பல செ.மீ. தொலைவுக்கும் பாயும். முகத்தைக் கூட்டுக்கு மிக அருகில் கொண்டுசெல்வோருக்கு இது தேவையான எச்சரிக்கை. அவிகுலேரியாவின் அரிப்பு மயிர்கள் (தற்காப்புக்காக வயிற்றில் உள்ள, தோலில் அரிப்பூட்டும் மயிர்கள்) பெரும்பாலும் தோலோடு உரசும்போதுதான் தொல்லை தரும்.

பொசிலோதெரியா இந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்த பேரினம். இதற்கு அரிப்பு மயிர்கள் கிடையாது; தற்காப்புக்கு வேகமும் நஞ்சுமே உள்ளன. இதன் கடி வீக்கத்தோடு முடிவதில்லை. தசைப்பிடிப்பு பல நாட்கள் நீடிக்கலாம், சிலருக்கு அது தணிந்த பின் மீண்டும் தலைகாட்டியதும் உண்டு. ஒரு பட்டையின் முன்புறத்தில் அசையாமல் ஒட்டியிருக்கும் சிலந்தி, நீங்கள் கண்ணிமைப்பதற்குள் பின்புறம் போய்விடும். கதவு திறந்திருந்தால் உங்கள் கையின் மேல் போகும். ஆகவே முதல் மரவாழ் சிலந்தியாக இதை வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. புதிய உலகை, அதாவது அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தது என்பதற்காகச் சால்மோபோயஸ் இனங்களை இதற்கு மாற்றாகச் சிலர் பரிந்துரைப்பார்கள். அவற்றுக்கும் அரிப்பு மயிர்கள் இல்லை, வேகமும் குறைவில்லை. அவிகுலேரியாவுக்கும் பொசிலோதெரியாவுக்கும் இடையிலான படியாக மட்டுமே அவற்றைக் கொள்ளலாம்.

மெட்டாலிகாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1899இல் போகாக் என்பவர் இதை விவரித்தபோது, மாதிரி கிடைத்த இடம் ஆந்திரத்தின் குத்தி ரயில்வே மரக்கிடங்கு. மரத்தோடு வந்த சிலந்தி அது. நூறாண்டுக்கும் மேல் கழிந்து 2001இல்தான் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட கிழக்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் மறுபடியும் காணப்பட்டது. மிகச் சிறிய பரப்பில், வெட்டப்பட்டுவரும் காட்டில் வாழ்வதால் ஐயுசிஎன் என்னும் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் பட்டியலில் மிக அருகிய இனமாக உள்ளது. 2019இல் பொசிலோதெரியாப் பேரினம் முழுவதும் காட்டுயிர்களின் நாடுகளுக்கிடையிலான வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டுவிட்டது. அதாவது நாடு கடக்கும் ஒவ்வொரு சிலந்திக்கும் உரிய அனுமதி ஆவணம் வேண்டும். எந்த இனமாயினும், நீங்கள் வாழும் நாட்டின் வனவிலங்குச் சட்டம் அதை வைத்திருக்க விடுகிறதா, பதிவு செய்ய வேண்டுமா என்பதைப் பணம் கொடுக்கும் முன்னரே உறுதிசெய்துகொள்ளுங்கள். "காட்டிலிருந்து பிடித்தது, அதனால் மலிவு" என்று ஒருவர் சொன்னால் அந்த விற்பனையை அங்கேயே விட்டுவிடுங்கள்.

பதில்: நார்த்தூள்

குஞ்சா, பாதி வளர்ந்ததா என்ற கேள்வியில் பலரும் குஞ்சையே பரிந்துரைப்பார்கள். கண்ணெதிரே வளர்வதைக் காணலாம், விலையும் குறைவு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 2 செ.மீ. கால்விரிவுகூட இல்லாத குஞ்சு ஓரிரு நாள் வறட்சியையும் தாங்காது, தேங்கிய ஈரத்தையும் தாங்காது. காற்றோட்டத்தைக் கையாளும் பழக்கம் வரும்வரை, 4 முதல் 6 செ.மீ. அளவுள்ள சிலந்தியை வாங்கினால் சிறு தவறுகளை அது பொறுத்துக்கொள்ளும். கூடுதலாகக் கொடுக்கும் விலை அந்தப் பொறுமைக்குத்தான்.

வாங்கும்போது வயிற்றைப் பாருங்கள்: தலைமார்பைவிடச் சற்றே பருத்து, சுருக்கமில்லாமல் இருக்க வேண்டும். கால்கள் உடலுக்கு அடியில் மடங்கிக் குவிந்திருந்தால் அது உறக்கமன்று, பெரும்பாலும் நீரிழப்பு; எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். வாய்ப்பகுதியில் வெள்ளையாக ஏதேனும் ஒட்டியிருந்தால் புழுத்தொற்றாக இருக்கலாம், அதையும் தவிருங்கள். கடைசியாக எப்போது தோலுரித்தது, எப்போது இரை எடுத்தது என்று கேளுங்கள். நன்கு வளர்ப்பவர் தயங்காமல் சொல்வார். வளர்ந்த சிலந்தியை வாங்குவதாயின், வாயருகே உள்ள சிறு உணர்கால்களின் நுனி குத்துச்சண்டைக் கையுறைபோல் பருத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் அது முதிர்ந்த ஆண். அதற்கு இனிப் பெரும்பாலும் சில மாதங்களே வாழ்வு. பெண்ணோ 10 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும். பெண் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால், உரித்த தோலை வைத்து உறுதிசெய்ததா என்று கேட்பதில் தவறில்லை.

மறுகேள்வி: பட்டைக்கூடு

மூவருக்கும் நன்றி. மெட்டாலிகாவை விட்டுவிட்டு, 5 செ.மீ. அளவுள்ள காரிபெனா ஒன்றுக்குச் சொல்லிவைத்துவிட்டேன். சிறு குழாயில் அடைத்து அனுப்பப்படும் சிலந்தியைக் கூட்டுக்குள் மாற்றுவது எப்படி என்றும், எப்போது முதல் இரை கொடுக்கலாம் என்றும் சொல்ல இயலுமா? என் தரைவாழ் சிலந்தியைத் தூரிகையால் மெல்லத் தள்ளியே பழக்கம்.

பதில்: எட்டுக்கால்

தூரிகை இருக்கட்டும், ஆனால் அதை நம்பி இராமல் ஒளி ஊடுருவும் அகன்ற குவளை ஒன்றையும், அதன் வாயை மூடத் தடித்த அட்டையையும் கையருகே வைத்துக்கொள்ளுங்கள். மரவாழ் சிலந்தி தொட்ட திசைக்கு எதிரே போகும் என்பது உறுதியில்லை. பெரும்பாலும் மேல்நோக்கி ஏறும், தூரிகையின் மீதே ஏறி உங்கள் தோளுக்கும் வரலாம். குழாயைக் கூட்டுக்கு வெளியே திறக்காதீர்கள். மூடியைச் சற்றுத் தளர்த்தி, குழாயை அப்படியே கூட்டுக்குள் கார்க் பட்டையை நோக்கிச் சாய்த்துவைத்து, மூடியை எடுத்துவிட்டுக் கதவை அடைத்துவிடுங்கள். அது வெளியே வரச் சில நிமிடமும் ஆகலாம், ஓர் இரவும் ஆகலாம். மறுநாள் காலிக் குழாயை எடுத்துக்கொள்ளலாம்.

முதல் வாரம் நீரை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதன்பின், வயிற்றின் அளவைவிடப் பெரிதாகாத ஒரு சுவர்க்கோழியையோ கரப்பான் குஞ்சையோ மாலையில் விட்டுப் பாருங்கள். மறுநாள் காலையிலும் அது உயிரோடு திரிந்தால் எடுத்துவிடுங்கள். தோலுரிக்கும் நிலையிலுள்ள சிலந்தியைச் சுவர்க்கோழியே கடித்துக் கொன்றுவிடும். வலைக்குழாயின் வாயைச் சிலந்தி அடைத்துக்கொண்டு வாரக்கணக்கில் உண்ணாமல் இருந்தால் பெரும்பாலும் தோலுரிப்புக்கு ஆயத்தமாகிறது என்று பொருள், கிழித்துப் பார்க்க வேண்டாம். உரித்த பின் நச்சுப்பற்கள் முதலில் வெண்மையாக இருக்கும்; அவை சிவந்து, பிறகு முழுக்கக் கறுக்கும்வரை இரை கொடுக்கக் கூடாது. இந்த அளவுச் சிலந்திக்கு அதற்கு ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் ஆகும், அதுவரை கிண்ணத்தில் நீர் குறையாமல் இருந்தால் போதும்.