புதுப்பிப்பு: பழைய .44 மேக்னமா, புதியதா? அத்தான் வாங்கிவிட்டார்

டெக்சாஸிலிருக்கும் அத்தானுக்காக, .44 மேக்னம் தோட்டா சுடும் ஸ்மித் அண்ட் வெசன் மாடல் 29 ரிவால்வரில் (கைத்துப்பாக்கி) பழையதா புதியதா நல்லது என்று யாழ்ப்பாணத்திலிருந்து கேட்டிருந்தேனே. (இங்கே அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொடமுடியாத சாமான், எனக்கு வாய்ப்பேச்சு மட்டும்தான்.)

அத்தான் மனம் வைத்தது 1982க்கு முந்தையதில்: குழலை முளை வைத்து இறுக்கியிருக்கும், தோட்டாவின் விளிம்பு சிலிண்டருக்குள் (தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளை) பதியும். நீல மெருகைப் பார்த்தே விழுந்துவிட்டார். ஆனால் கடையில் துப்பாக்கியின் சுத்தியலை (பின்னால் இழுத்துவிடும் அடிப்பான்) மெல்ல இழுத்துப் பார்த்தால் சிலிண்டர் சரியாகப் பூட்டவில்லை, ஆட்டமும் இருந்தது. சரி, வேண்டாம் என்று விட்டுவிட்டார். கனத்த தோட்டாக்களைத் தாங்க உள்ளுறுப்புகளைப் பலப்படுத்தியதே எண்பதுகளின் இறுதியில்தான். ஆகவே புதியது. 2001 வாக்கில் புகுத்திய சாவிப்பூட்டின் (துப்பாக்கி சுடாதபடி சாவியால் பூட்டிவைப்பது) துவாரம் அத்தானின் கண்ணை உறுத்துகிறதாம். அக்காவுக்கோ விலைதான்.