வருசநாட்டில் ஏறி ஆற்றங்கரையில் இறங்கினேன்

எனக்கு வீடு மதுரை செல்லூர். வைகை என்றால் சின்ன வயதிலிருந்து மணல், ஆகாயத்தாமரை, சித்திரையில் அழகர் இறங்கும்போது திறந்துவிடும் தண்ணீர், அவ்வளவுதான். இது எங்கே பிறக்கிறது, எங்கே போய் முடிகிறது என்று இரண்டையும் கண்ணால் பார்த்துவிட ரொம்ப நாள் ஆசை.

ஐப்பசிக் கடைசியில் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி ஆண்டிபட்டி போய், மாறி, கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை தாண்டி வருசநாட்டில் இறங்கினேன். இரண்டு பக்கமும் மலை, நடுவில் தென்னந்தோப்பும் இலவ மரங்களும். ஆற்றில் முழங்காலளவு தண்ணீர், அடியில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் ஊரை விசாரித்துவிட்டு, "இந்தத் தண்ணி மதுரை வரைக்கும் வருதா தம்பி?" என்று கேட்டார். எப்பவாவது வரும் அக்கா என்று சொல்வதற்குள் தொண்டை அடைத்துவிட்டது.

மறு வாரம் மாட்டுத்தாவணியிலிருந்து ராமநாதபுரம். நடுவில் எத்தனை கைமாறுகிறது பாருங்கள். 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து சேருகிறது, 1959-ல் திறந்த வைகை அணை அதைத் தேக்குகிறது, அப்புறம் வழிநெடுகக் கண்மாய்கள் குடிக்கின்றன. 258 கிலோமீட்டர் ஓடியும் பெரும்பாலான வருடங்களில் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு சரி. அது நிறைந்து கலுங்கு பாய்ந்தால்தான் கடல்.

வைகை கடலில் சேரும் அந்தக் கடலோரச் சின்ன ஊருக்குப் பெயரே ஆற்றங்கரை. பக்கத்து ஊர் அழகன்குளம், தோண்டியபோது ரோமானியக் காசுகள் கிடைத்த இடம். வடக்கே பார்த்த கடல் என்பதால் அலை பெரிதாக இல்லை, இங்கே இதைப் பெண் கடல் என்றே சொல்கிறார்கள். பனைமர நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் மதுரை என்றேன். ஊசியை நிறுத்தினார். "ஒங்க ஊரைத் தாண்டி நல்ல தண்ணி வந்து முகத்துவாரத்துல கலந்துச்சுன்னா, எங்களுக்கு இறால் நல்லாப் படும். வந்து பல நாளாச்சு."

மேலே அந்த அக்கா கேட்டதை அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "அந்தப் பிள்ளையக் கேட்டதாச் சொல்லுங்க" என்றார். தை மாதம் மறுபடி வருசநாடு போகிறேன், சொல்லிவிட்டு வர.