‘ஏ.பி.என். எடுத்துக்கொண்டு வா’ என்றால் உடனே தலையாட்டாதீர்கள்

மெல்போர்னுக்குப் புதிதாகப் போயிருக்கும் அம்பாசமுத்திரத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “அண்ணாச்சி, துப்புரவு வேலை தருகிறார்கள். ஆனால் ஏ.பி.என். எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?” இந்தக் கேள்வி பலருக்கும் இருப்பதால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

ஏ.பி.என். என்பது ஆஸ்திரேலியாவில் சொந்தத் தொழில் நடத்துபவருக்கான 11 இலக்க எண். இணையத்தில் இலவசமாகவே எடுத்துவிடலாம். அதை வைத்து நீங்கள் பில் போட்டுப் பணம் வாங்கினால், தாளின்படி நீங்கள் தொழிலாளி அல்ல, ஒப்பந்ததாரர். விடுப்புக்குச் சம்பளம் கிடையாது. வரியை யாரும் பிடித்துக் கட்ட மாட்டார்கள். ஆண்டு முடிவில் மொத்தமாக உங்கள் தலையில் விழும்.

பணத்தைவிட எனக்குப் பெரிய கவலை விபத்துதான். தொழிலாளி வேலை நேரத்தில் கவனக்குறைவாக யாருக்காவது தீங்கு செய்துவிட்டால் அதற்கு முதலாளியும் பொறுப்பு. ஒப்பந்ததாரர் என்றால் பொதுவாக அந்தப் பொறுப்பு அவரோடு நின்றுவிடும். நீங்கள் துடைத்த ஈரத் தரையில் ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டால் இழப்பீட்டு நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரலாம். பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்திருக்காவிட்டால் ஊரில் அடகு வைத்த நகை மீளவே மீளாது. நீங்களே விழுந்தாலும், தொழிலாளருக்கான இழப்பீட்டுக் காப்பீடு பெரும்பாலும் உங்களைச் சேர்க்காது.

சிட்னியில் சைக்கிள் கூரியர் ஒருவர் நடைபாதையில் சென்ற ஒருவரை இடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் போட்டிருந்த சட்டையில் நிறுவனத்தின் பெயர் இருந்தது. சைக்கிள் அவருடையது, அவர் ஒப்பந்ததாரர்தான் என்று நிறுவனம் வாதாடியது. 2001-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சீருடை கொடுத்து, வேலையைப் பங்கிட்டு, கூலியையும் தானே நிர்ணயித்த நிறுவனம் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்று தீர்ப்பளித்தது.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிய விஷயமே அல்ல. விடுமுறைக்கு முக்கூடல் வந்திருக்கிறேன். எதிர்த் திண்ணையில் ஓர் அக்கா மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருக்கிறார். இலையும் தூளும் கம்பெனியுடையவை, கத்தரிக்கோல் அவருடையது, இடையில் ஒரு காண்ட்ராக்டர். வீட்டில் உட்கார்ந்து சுற்றுபவரையும் ‘பணியாளர்’ என்று வரையறுத்தது 1966-ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டம். அந்த உரிமை சும்மா வந்துவிடவில்லை. நம் அம்மாக்களும் பாட்டிகளும் பெற்ற உரிமையைக் கடல் கடந்து போய்க் கையெழுத்துப் போட்டு விட்டுவிடாதீர்கள்.

ஆஸ்திரேலியாவிலும் 2024 ஆகஸ்ட் 26 முதல், ஒப்பந்தத் தாளை மட்டும் பார்க்காமல் வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும் எனச் சட்டம் சொல்கிறது. நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள்? உங்களுக்குப் பதில் இன்னொருவரை அனுப்ப முடியுமா? விலையை நீங்கள் சொல்கிறீர்களா? வேலை சரியில்லை என்றால் சொந்தச் செலவில் திருத்த வேண்டுமா? நேரமும் விலையும் அவர் கையில் இருந்து, நீங்கள் மட்டுமே போக வேண்டும், மணிக்கணக்கில்தான் கூலி என்றால் நீங்கள் தொழிலாளியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தொழிலாளியை ஒப்பந்ததாரர் என்று பொய்யாகக் காட்டுவது சட்டமீறல். முதலாளிக்கு அபராதம் உண்டு. இன்னொன்று: ஏ.பி.என். இருந்தாலும், முக்கியமாக உங்கள் உழைப்புக்காகவே கூலி தரும் ஒப்பந்தம் என்றால் சூப்பர் எனும் ஓய்வூதியத் தொகை உங்களுக்குச் சேர வேண்டும். 2025 ஜூலை 1 முதல் அது கூலியில் 12 சதவீதம்.

சொந்தமாக விலை பேசி, பல வாடிக்கையாளர்களை வைத்துத் தொழில் செய்யப் போகிறவர் தாராளமாக ஏ.பி.என். எடுக்கட்டும், முதல் வேலைக்கு முன்பே காப்பீட்டையும் எடுத்துவிடட்டும். மற்றவர்கள், வேலை நேரம் சொல்லி வரும் வாட்ஸ்அப் செய்திகளையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் அழிக்காமல் வையுங்கள். சந்தேகம் என்றால் வேலையிட உரிமைகளைக் கவனிக்கும் அரசின் ஃபேர் வொர்க் அலுவலகத்துக்கு 13 13 94-இல் பேசுங்கள். ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் 13 14 50-ஐ அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம்.

மாணவர் விசாவில் இருப்பவர்கள் கவனியுங்கள். வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு ஏ.பி.என். வேலைக்கும் பொருந்தும். ‘அது கணக்கில் வராது’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.