உங்கள் நம்பர் ஒன் பிரிட்டிஷ் சிட்காம் எது? ஒரு அனுபவத்தோடு சொல்லுங்கள்

இரவுப்பணி

முதல் பத்தைப் பட்டியல் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முதல் பெயரைத் தாண்ட முடியவில்லை. எனக்கு 'டாட்ஸ் ஆர்மி', இரண்டாம் உலகப் போரில் ஹோம் கார்டு என்ற ஊர்க்காவல் படையில் சேர்ந்தவர்களின் கதை.

லெஸ்டரில் நர்ஸாக இருக்கிறேன், பக்கவாத வார்டு. ஜன்னலோரப் படுக்கையில் ஒரு பெரியவர். வந்து பதினோரு நாள் ஆகியும் ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. பேச்சுப் பயிற்சிக்கு வருபவர் படங்களைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எதிர்ப் படுக்கைக்காரர் பிபிசி டூ வைத்திருந்தார். அந்த நீர்மூழ்கிக் கப்பல் எபிசோடு, தெரியும்தானே. பிடிபட்ட ஜெர்மன் கேப்டன், போர் முடிந்ததும் கணக்குத் தீர்க்க ஒவ்வொருவர் பெயராக எழுதி வைக்கிறான். ஹிட்லரைக் கிண்டல் செய்து பாடிய பையனிடம், "உன் பெயர் என்ன?" என்று கேட்கிறான்.

நான் பெரியவர் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். டிவியில் படைத் தலைவர் மெயின்வாரிங் வாயைத் திறக்கும் முன்பே என் காதோரம், "டோண்ட் டெல் ஹிம், பைக்!" என்று கேட்டது. சொல்லாதே என்று சொல்லும்போதே பையன் பெயரை உளறிவிடும் வரி. அவ்வளவு தெளிவாக. நிமிர்ந்து பார்த்தால் என்னைவிட அவருக்குத்தான் அதிர்ச்சி. வாயின் ஒரு ஓரம் மட்டும் சிரித்தது. மனப்பாடமாகிப் போன வரிகளும் பாட்டும் சில நோயாளிகளுக்கு மிஞ்சி நிற்கும் என்று படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

குரோய்டன்வாசி

நல்ல அனுபவம் சகோதரி. ஆனாலும் முதலிடம் 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்'தான். 2004-ல் பிபிசி மக்களிடமே ஓட்டுக் கேட்டபோது அதுதான் முதலில் வந்தது. உங்கள் 'டாட்ஸ் ஆர்மி' நான்காவது. 1996 கிறிஸ்துமஸ் நேரத்தில் 'ஒன்லி ஃபூல்ஸ்' எபிசோடு ஒன்றை 2 கோடியே 43 லட்சம் பேர் பார்த்தார்கள்.

என் கதை சின்னது. எலக்ட்ரீஷியன் வேலைக்குச் சேர்ந்த புதிது. சர்ரேயில் ஒரு பழைய பங்களா. கூடத்து விளக்கைக் கழற்ற நான் மேல்தளத்தில் பலகையைத் தூக்கி ஸ்பேனரோடு இருந்தேன். கீழே சீனியர் ஏணியில் நின்றுகொண்டு, "எந்த விளக்கு?" என்றார். சொன்னேன். மறுபடியும் கேட்டார், மூன்றாவது தடவையும் கேட்டார். என்னை நம்பவில்லை என்று எனக்கு முகம் சுண்டிவிட்டது. மத்தியானம் வேனில் சாண்ட்விச்சைக் கடித்தபடி தன் போனில் அந்த சரவிளக்குக் காட்சியைப் போட்டுக் காட்டினார். அண்ணன் தம்பி டெல்லும் ராட்னியும் ஒரு விளக்குக்குக் கீழே துணியை விரித்துப் பிடித்திருக்க, தாத்தா மேலே வேறொன்றைக் கழற்றிவிட, பின்னால் அது விழுகிற அந்தக் காட்சி. எழுதிய ஜான் சல்லிவனின் அப்பா பிளம்பர். அவர் வீட்டில் சொன்ன வேலையிடத்துக் கதைதான் அது என்றும் சொன்னார். இன்றைக்கு என்னிடம் இரண்டு பையன்கள் வேலை பழகுகிறார்கள். நானும் மூன்று தடவை கேட்கிறேன்.

வெள்ளவத்தை

ஓட்டுக் கணக்கை வைத்து முடிவு சொல்ல வேண்டாம், குரோய்டன் அண்ணை. அந்த முதல் பத்தில் 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' இல்லை. லண்டனில் ஆங்கிலம் பழகும் வெளிநாட்டவரை வைத்துப் பகிடி பண்ணும் தொடர் அது. எங்கட வீட்டில் அதைப்போல் விழுந்து விழுந்து சிரித்துப் பார்த்த நாடகம் வேறொன்றில்லை. ரஞ்சித் சிங்காக வரும் ஆல்பர்ட் மோசஸ் கம்பளையில் பிறந்தவர் என்பதால் அம்மாவுக்குப் பெருமை வேறு.

98-ல் லண்டன் வந்து, வடமேற்குப் பக்கம் ஒரு மாலைநேர ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன். இரண்டாவது கிழமை ஆசிரியை ஏதோ கேட்டா, எனக்கு விளங்கவில்லை. "சொரி" என்றேன். பின்வாங்கிலில் இருந்து ஒருவன் கையைக் கூப்பி, தலையை ஆட்டி, ரஞ்சித்தின் குரலில் "ஆயிரம் மன்னிப்பு" என்றான். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அவன் செய்தது எனக்கு மறந்துபோனாலும் போகும். நான் சிரித்ததுதான் இன்னும் உறுத்துகிறது. ஊரில் பகிடியாக இருந்தது அந்த அறையில் வேறாக இருந்தது. ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தொடரை 1979-ல் ஏன் நிறுத்தினார்கள் என்று அன்றைக்கு இரவு பஸ்ஸில் விளங்கியது. என் பட்டியலில் அதற்கு இடம் கொடுக்கவும் மனமில்லை, எடுக்கவும் மனமில்லை.

கோப்புக்காரர்

31 வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதியவன். என் ஓட்டு 'யெஸ் மினிஸ்டர்', ஒரு அமைச்சரும் அவரை ஆட்டிவைக்கும் அதிகாரிகளும். ஒரு கிட்டங்கி, மூன்று காவலாளி, ஒரு ஸ்டோர் கீப்பர், உள்ளே ஒரு சாக்குகூடக் கிடையாது. "தற்போதைய ஏற்பாடு தொடரலாம்" என்று குறிப்பு எழுதியது நான். பிறகு ஒருநாள் அந்த ஆஸ்பத்திரி எபிசோடு பார்த்தேன். நூற்றுக்கணக்கில் ஊழியர்கள், ஒரு நோயாளிகூட இல்லை. நாட்டிலேயே நன்றாக நடக்கும் ஆஸ்பத்திரி அது என்று வாதாடுகிறார்கள். எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டேன்.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. முதலில் 'ஃபால்டி டவர்ஸ்'. மொத்தமே 12 எபிசோடுதான், 1975-ல் ஆறு, 1979-ல் ஆறு. ஜான் கிளீஸும் கோனி பூத்தும் சேர்ந்து எழுதியது. நடுவில் பேச்சுக் கொடுக்காமல் பாருங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் போகிறபோக்கில் வரும் ஒரு பொருள்தான் கடைசியில் ஹோட்டல்காரர் பாசிலைக் கவிழ்க்கும். அவர் மரக்கிளையை ஒடித்து வந்து காரை அடிக்கும் காட்சியைத் துண்டாக யூடியூபில் பார்ப்பது வீண். அந்த அரைமணி நேரமும் அவர் பட்ட பாடு தெரிந்தால்தான் அடி விழும்போது நமக்கும் ஆறும். ஆங்கில சப்டைட்டிலைக் கட்டாயம் போடுங்கள், இதில் வெட்கம் வேண்டாம். 'யெஸ் மினிஸ்டர்' ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் கூடாது. அதில் அதிகாரி சர் ஹம்ப்ரி நீளமாகப் பேசினால் நிறுத்தி, படித்துப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். பின்னால் கேட்கும் சிரிப்பு ஒட்டுப்போட்டது என்று குறை சொல்வார்கள். இந்த இரண்டும் ஸ்டுடியோவில் ஆட்களை உட்காரவைத்து எடுத்தவை. 'பிளாக்ஆடர்' பார்ப்பதானால் 1983-ல் வந்த முதல் தொடரைத் தள்ளிவிட்டு இரண்டாவதில் தொடங்குங்கள். 'தி ஆஃபீஸ்' கடைசியில். முதல் அரைமணியில் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும், கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோடு வரை பொறுத்திருங்கள்.

நிலா அம்மா

ஐயா, எல்லாம் சொன்னீர்கள், முதல் உலகப் போர்க்களத்தில் நடக்கும் 'பிளாக்ஆடர்' நான்காவது தொடரைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. என் பட்டியல் அதில்தான் ஆரம்பிக்கிறது. நானும் என் மகளும் கடைசி எபிசோடைப் பார்த்தோம். அவளுக்கு அப்போது 13 வயது, பள்ளியில் முதல் உலகப் போர் பாடம் நடந்துகொண்டிருந்தது. பால்ட்ரிக் பேசும்போதெல்லாம் சிரித்து உருண்டாள். கடைசியில் பதுங்குகுழியில் எல்லோரும் வரிசையாக நிற்கும்போது பீரங்கிச் சத்தம் நின்றுவிடுகிறது. போர் முடிந்துவிட்டது என்று நினைத்து டார்லிங் சொல்கிறார், தப்பித்தோம், மகாயுத்தம், 1914 முதல் 1917 வரை என்று.

மகள் சிப்ஸ் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தாள். "அம்மா, 1918 இல்லையா?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் தாக்குதலுக்கு விசில் ஊதிவிட்டார்கள். எல்லோரும் எதிரியை நோக்கி ஓடுகிறார்கள், அப்புறம் அந்தப் பாப்பி பூ வயல். ஓடும் காட்சியை எடுத்தபோது சரியாக வரவில்லை, எடிட்டிங்கில் வேகத்தைக் குறைத்து வயலாக மாற்றினார்கள் என்று பின்னால் படித்தேன். எங்கள் வீட்டில் அன்று யாரும் விளக்கைப் போடவில்லை. சிரிக்கவைத்த ஆட்களையே அப்படி அனுப்பிவைக்கும் துணிச்சல் வேறு எந்தத் தொடருக்கு இருந்தது? டெல் பாய் என்ன, மெயின்வாரிங் என்ன, என் கணக்கில் இதற்குக் கீழேதான்.

இரவுப்பணி

நிலா அம்மா, மெயின்வாரிங்கைக் கீழே தள்ளுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். எழுதிய இருவரில் ஒருவரான ஜிம்மி பெர்ரி சின்ன வயதில் வாட்ஃபோர்டு ஹோம் கார்டில் இருந்தவர். பைக் என்கிற பையன் அவரேதான். அவர்களும் சாவுக்குத் தயாராக நின்றவர்கள், எதிரி வரவில்லை, அவ்வளவே.

தனிமடலில் நான்கைந்து பேர் அந்தப் பெரியவர் மறுபடி பேசினாரா என்று கேட்டிருக்கிறீர்கள். அடுத்த இரண்டு சனிக்கிழமையும் டியூட்டியைக் கேட்டு வாங்கினேன். முதல் சனிக்கிழமை தொடக்கப் பாட்டை முழுக்கப் பாடினார், ஒரு சொல் தவறவில்லை. பாட்டு முடிந்ததும், "தண்ணி வேணுமா?" என்று கேட்டேன். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாவது சனிக்கிழமை போனபோது அந்தப் படுக்கையில் வேறொருவர் இருந்தார். மகள் ஊர்ப் பக்கம் ஒரு இல்லத்துக்கு மாற்றிவிட்டார்களாம். கூட அனுப்பும் குறிப்பில், சனிக்கிழமை சாயங்காலம் அவருக்கு பிபிசி டூ போடவேண்டும் என்று பகல் டியூட்டி நர்ஸ் எழுதியிருந்தாள்.