வன்னியில் கொரோனா குறைவு என்று மாவட்டக் கணக்கு சொல்வதை அப்படியே எடுக்கலாமா?

முழங்காவில் ரீச்சர்:

வணக்கம். பூநகரிப் பக்கம் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் இந்தமுறை செயற்றிட்டத்துக்கு எடுத்த தலைப்பு, 2020 தொடங்கி 2022 வரை வடமாகாணத்தில் கொரோனா எப்படிப் பரவியது, என்ன செய்துவிட்டுப் போனது என்பது. இந்தியாவில் தன்னார்வலர்கள் சேர்ந்து மாநிலம் மாநிலமாகக் கணக்கு எடுத்து இணையத்தில் போட்டதையும், அமெரிக்காவில் 2021 மார்ச் வரை அதேபோல ஒரு கூட்டு முயற்சி நடந்ததையும் வாசித்துவிட்டு, "நாங்களும் மாகாணத்துக்குச் செய்வோம் ரீச்சர்" என்று தாங்களாகவே வந்து கேட்டார்கள்.

ஐந்து மாவட்டங்களின் தொற்றாளர் தொகையை எடுத்து வரைபடம் கீறினோம். யாழ்ப்பாணம் பெரிய மலை மாதிரி நிற்கிறது. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் நிலத்தோடு கிடக்கின்றன. "அப்ப வன்னி தப்பிவிட்டது" என்று ஒரு பிள்ளை எழுதிக் கொண்டுவந்தது. என்னால் அதற்குச் சரி போட முடியவில்லை. 2021 ஓகஸ்ட், செப்டெம்பரில் எங்கள் ஊரில் எத்தனை வீட்டில் பந்தல் இல்லாமல், ஆட்கள் வராமல் செத்தவீடு நடந்தது என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்கும் தெரியும்.

எந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்? இப்போது போய் எதை எடுக்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெளுக்குளம் தம்பி:

ரீச்சர், முதலில் தொகையை விடுங்கள், சனத்தொகையால் பிரியுங்கள். 2012 கணக்கெடுப்பில் யாழ்ப்பாணம் ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம், முல்லைத்தீவு 92 ஆயிரம். நூறு பேருக்குத் தொற்று என்றால் முல்லைத்தீவில் இலட்சத்துக்கு 109 வரும். யாழ்ப்பாணத்தில் அதே நூறு பேர் 17தான். உங்கள் மலை பாதி கரைந்துவிடும்.

ஓய்வுபெற்ற பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்), கண்டாவளை:

தம்பி சொன்னது சரி, ஆனால் அதோடு முடியாது. அந்த மூன்று வருடமும் நான் களத்தில் நின்றவன். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

தொற்றாளர் தொகை என்பது எத்தனை பேருக்கு நோய் வந்தது என்ற கணக்கு இல்லை. எத்தனை பேரைச் சோதித்தோம், அதில் எத்தனை பேருக்கு இருந்தது என்ற கணக்கு. எங்கள் மாதிரிகள் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கும் மருத்துவ பீடத்துக்கும் போய், முடிவு திரும்பி வரும். மாதிரி எடுத்த நாள் ஒன்று, அறிக்கையில் ஏறிய நாள் வேறொன்று. சோதனை குறைந்த கிழமையில் தொற்றும் குறைந்த மாதிரித் தெரியும். ஆகவே சோதித்தவர்களில் நூற்றுக்கு எத்தனை என்று பாருங்கள். 2020 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், இரண்டு கிழமைக்கு இது 5 வீதத்துக்குக் கீழே இருந்தால்தான் கட்டுப்பாட்டைத் தளர்த்தலாம் என்றது. பி.சி.ஆர் (ஆய்வுகூடச் சோதனை) கணக்கையும் அன்டிஜன் (விரைவுச் சோதனை) கணக்கையும் வேறாக வையுங்கள். 2022 தொடக்கத்தில் ஒமிக்ரோன் வந்தபோது சனம் சோதனைக்கு வருவதையே விட்டுவிட்டது. அந்த மாதங்களில் உங்கள் கோடு பதிந்து கிடந்தால் அதை நம்ப வேண்டாம்.

இன்னொன்று, ஆள் எந்த ஊர் என்பது. 2020இல் பம்பைமடுவிலும் கேப்பாபுலவிலும் இருந்த தனிமைப்படுத்தல் நிலையங்களுக்கு வெளியிடங்களில் இருந்துதான் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அங்கே கண்டுபிடித்த தொற்றை வவுனியா, முல்லைத்தீவுச் சனத்தின் தொற்றாக எண்ணக்கூடாது. மறுபக்கம், 2021 மே மாதம் புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு, முள்ளியவளை பொலிஸ் பிரிவுகளை முடக்கினார்களே, அது முழுக்க எங்கள் பிள்ளைகள். ஆடைத் தொழிற்சாலையில் நெருங்கி நின்று வேலை செய்து, ஒரே பஸ்ஸில் ஊருக்கு ஊர் இறங்கிய பெட்டைகள். மாவட்டத்துக்கு ஒரே எண் என்று வைத்தால் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். பிரதேச செயலகப் பிரிவு அளவுக்காவது இறங்குங்கள்.

இனி மரணம். இங்கேதான் உங்கள் கேள்வியின் உயிர் இருக்கிறது. கடுமையான நோயாளியைக் கிளிநொச்சியில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவோம். அங்கே உயிர் போனால் மரணம் நடந்த இடத்தில்தான் பதிவு. யாழ்ப்பாணத்துக் கணக்கில் ஒன்று கூடும், எங்களில் ஒன்று குறையும். அதைவிட, அறிவித்த நாளும் இறந்த நாளும் ஒன்றில்லை. 2021 யூனில் ஒரே அறிக்கையில் வந்த மரணங்கள் பல கிழமைகளில் நடந்தவை.

இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. தமிழ்நாட்டில் 2020 யூலையில், சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டையும் அரசின் கொரோனாப் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதில் விடுபட்ட 444 மரணங்கள் வெளியே வந்தன. அரசே அதைக் கணக்கில் சேர்த்தது. நீங்கள் நோயின் பெயரை மறந்துவிட்டு, மாதாமாதம் மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள் என்று 2015 முதல் 2019 வரை சராசரி எடுங்கள். பிறகு 2021 ஓகஸ்டை அதன் பக்கத்தில் வையுங்கள். வீட்டில் செத்தவர், சோதிக்காமல் செத்தவர், முடக்கத்தால் கிளினிக் போக முடியாமல் சீனி ஏறிச் செத்தவர் எல்லாரும் அதில் வந்துவிடுவார்கள். பதிவாளரிடம் மொத்த எண்ணிக்கைக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். கிராம அலுவலர்மாரிடமும் கேளுங்கள். வெளியூர் ஆஸ்பத்திரியில் இறந்தாலும் ஆளின் ஊர் அவர்களுக்குத் தெரியும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், எங்கள் மண்ணில் எண்ணிக்கை சும்மா விஷயமில்லை. இறுதிப் போர் நடந்த 2008 ஒக்டோபரில் கச்சேரிக் (மாவட்டச் செயலகக்) கணக்குப்படி வன்னியில் 429,059 பேர். போர் முடிந்தபின், 2009 யூலையில், அரச பகுதிக்கு வந்துசேர்ந்தவர்கள் 282,380 பேர். இடையில் உள்ள 146,679 பேர் எங்கே என்று மன்னார் ஆயர் இராயப்பு யோசப் 2011இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன்னால் கேட்டார். கச்சேரி உத்தியோகத்தர்கள் அந்தப் பட்டியலை எழுதி வைத்திருக்காவிட்டால் அவர் எதை வைத்துக் கேட்டிருப்பார்?

பி.கு. தம்பி சொன்ன 2012 சனத்தொகை 2021க்குப் பழையது. 2021இல் வர வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய் 2024இல்தான் நடந்தது. இடையில் மீள்குடியேற்றத்தால் எத்தனையோ கிராமங்கள் மாறிவிட்டன. இரண்டையும் வைத்து இடைப்பட்ட மதிப்பு எடுங்கள்.

கிராம அலுவலர், ஒட்டுசுட்டான்:

ஐயாவின் கருத்தே எனதும். ஒரு எச்சரிக்கை மட்டும். கிராமம் வரை இறங்கினால் எண்கள் சிறிதாகி, ஆளை அடையாளம் காட்டிவிடும். வீட்டுப் படலையில் அறிவித்தல் ஒட்டியதால் கடைக்காரன் சாமான் கொடுக்க மறுத்த குடும்பங்கள் என் பிரிவிலேயே இருந்தன. ஐந்துக்குக் குறைந்த எண்ணைப் பக்கத்துப் பிரிவோடு சேர்த்துப் போடுங்கள்.

பாதிப்பு என்றால் நோய் மட்டுமில்லை. 2020 ஏப்ரல், மே மாதங்களில் 5,000 ரூபா கொடுத்த பட்டியல்கள் பிரிவு பிரிவாக உண்டு. எத்தனை வீடு உழைப்பில்லாமல் இருந்தது என்று அதிலிருந்து ஓரளவு தெரியும். மொத்த எண் போதும், பெயர் கேட்க வேண்டாம்.

முழங்காவில் ரீச்சர்:

ஐயா, அண்ணா, தம்பி, மூவருக்கும் நன்றி. பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி நான்கையும் மொத்த மரணத்தை வைத்து மாதாமாதம் செய்வதாக முடிவெடுத்துவிட்டோம். விண்ணப்பக் கடிதத்தைப் பிள்ளைகளே எழுதுகிறார்கள்.

இரணைமாதா நகர் பிள்ளைகள் இன்னொன்று கேட்டார்கள். 2021 மார்ச்சில் கொரோனாவால் இறந்த முஸ்லிம் மக்களின் உடல்களை அவர்களின் சொந்தத் தீவான இரணைதீவில் புதைப்பதாக அறிவித்து, ஊர்ச்சனம் நாட்கணக்கில் போராடி, கடைசியில் அது மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்குப் போனது. அந்த மாதம் பூநகரிக் கோட்டில் எந்த ஏற்றமும் இல்லை. ஆனால் அந்த ஊருக்கு அதுதான் கொரோனா. கோட்டுக்குக் கீழே அந்தந்த மாதம் நடந்ததைச் சிறு எழுத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

துணுக்காய், மாந்தை கிழக்குப் பக்கம் ஆசிரியர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். ஒரே படிவத்தில் செய்தால் முல்லைத்தீவையும் சேர்த்துவிடலாம். படிவத்தை அனுப்பிவைக்கிறேன்.