கொழும்பிலிருந்து உடவளவை: வழிகாட்டியோடு தனி வேனில் ஒருநாள் (மூன்று ஊர்க்காரர் சொல்லும் யோசனைகள்)

வெள்ளவத்தையிலிருந்து:

உடவளவை தேசியப் பூங்காவில் யானை பார்க்க விடிய 4 மணிக்கே வெளிக்கிட வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். கொழும்பிலிருந்து ஒரே நாளில் போய் வருவதென்றால் அது சரிவராது. கொட்டாவையில் ஹைவே ஏறி, சூரியவெவப் பக்கம் இறங்கிப் போக மூன்று, மூன்றரை மணித்தியாலம் பிடிக்கும். இரத்தினபுரி, பெல்மதுளை, எம்பிலிப்பிட்டி வழி தூரம் குறைவுதான், ஆனால் வளைவுகளிலும் லொறிகளின் பின்னாலும் நேரம் போய்விடும். பூங்கா வாசல் திறப்பது காலை 6 மணிக்கு. நீங்கள் டிக்கெட் எடுத்து ஜீப்பில் ஏறும்போது எட்டு மணி. கொஞ்ச நேரத்தில் வெயில் ஏற, யானைகள் நிழல் தேடிப் பற்றைக்குள் போய்விடும்.

ஆகவே 7.30க்கு வெளிக்கிடுங்கள். பகல் 12க்குக் காப்பகத்தில் யானைக்குட்டிகளுக்குப் பால் கொடுப்பதைப் பார்த்து, சாப்பிட்டு, 2.30க்கு ஜீப் ஏறுங்கள். பின்னேரம் யானைக் கூட்டங்கள் நீர்த்தேக்கக் கரைக்கு வரும். 6 மணிக்கு வெளியே வந்தால் இரவு பத்து மணியளவில் வீடு.

எம்பிலிப்பிட்டியிலிருந்து:

வெள்ளவத்தை அண்ணா சொன்ன நேரக்கணக்கு சரி. ஜீப் விஷயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து வரும் வேன் வாசலோடு நின்றுவிடும், உள்ளே போவது வேறு ஜீப். முதல் நாளே பேசி வையுங்கள். முன்கூட்டியே பேசாத வேன்களை வழியில் மோட்டார் சைக்கிளில் வந்து மறிப்பவர்கள் உண்டு. அவர்களின் கமிஷனும் உங்கள் கட்டணத்தில்தான் ஏறும்.

பின்வரிசை உயரமாக இருப்பதால் எல்லோரும் அங்கே ஓடுவார்கள். பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால் ஒவ்வொரு குழியிலும் தூக்கிப்போடுவது அந்த வரிசைதான். முதுகுவலிக்காரருக்கும் கமெரா வைத்திருப்பவருக்கும் சாரதிக்கு அடுத்த வரிசை நல்லது. முன்னால் உள்ள கம்பியில் கமெராவை ஊன்றலாம். யானையைக் கண்டதும் எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். ஓடும் எஞ்சினின் அதிர்வில் படம் கலங்கும், யானையும் விலகிப் போகும்.

கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் கறுப்பாக ஈரம் வழிந்த கோடு தெரிந்தால் அந்த ஆண் யானைக்கு மதம். அப்போது எஞ்சின் ஓடட்டும், கிட்டப் போகச் சொல்லிச் சாரதியை நெருக்க வேண்டாம். காதை விரித்துத் தலையை ஆட்டுவதும் எச்சரிக்கைதான்.

சிறுத்தை பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் யாலவுக்கோ வில்பத்துவுக்கோ போங்கள். இங்கே அது இருந்தும் கண்ணில் படுவது அபூர்வம். யானை மட்டும் வருடம் முழுவதும் நிற்கும். மழைக்குப் பிறகு புல் ஆளுயரம் வளர்ந்து குட்டிகளை மறைத்துவிடும். மே முதல் செப்டெம்பர் வரை வெளிச்சமும் பார்வையும் நன்றாக இருக்கும். நீர்மட்டம் இறங்கியதும், அணைக்கட்டுக் காலத்தில் மூழ்கிய மரங்கள் பட்டுப்போன கட்டைகளாய் வெளியே நிற்கும். கழுகும் நீர்க்காகமும் அங்கேதான் குந்தியிருக்கும்.

தெஹிவளையிலிருந்து:

காசு விஷயத்தில் மனஸ்தாபம் வருவது ஒரே காரணத்தால்: “எல்லாம் சேர்த்து” என்பதில் எது எது அடக்கம் என்று கேட்காதது. ஹைவே கட்டணம், பூங்கா டிக்கெட், ஜீப், சாரதியின் சாப்பாடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள். வாசலில் தலைக்கு ஒரு கட்டணம், குழுவுக்குச் சேவைக் கட்டணம், வாகனத்துக்கு ஒன்று, இவற்றோடு வரியும். குழுவுக்கான தொகை ஆறு பேருக்குப் பிரிந்தால் தெரியாது, இரண்டு பேருக்குக் கனக்கும். உள்ளூரவர்கள் அடையாள அட்டையை மறக்க வேண்டாம், வெளிநாட்டுக் கட்டணம் பல மடங்கு.

வழிகாட்டியிடம் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதி அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். வேனையும் ஓட்டி விளக்கமும் சொல்பவருக்குத் தனி வகை அனுமதி உண்டு. விளக்கம் தமிழில் வேண்டுமென்றால் அதை முதலிலேயே கேளுங்கள், அப்படியானவர்கள் குறைவு.

வெள்ளவத்தையிலிருந்து:

குட்டிகள் பால் குடிப்பதைப் பார்க்கும் இடத்தின் பெயர் எத் அத்துரு செவன, தாயை இழந்த யானைக்குட்டிகளின் காப்பகம். வனஜீவராசிகள் திணைக்களம் 1995 முதல் நடத்துகிறது. பால் நேரம் 9, 12, 3, 6. 12 மணிக்கென்றால் 11.40க்கே மேடையில் இடம் பிடியுங்கள். கதவு திறந்ததும் நாலைந்து குட்டிகளாக ஓடி வரும். பணியாளர் புனலில் பாலை ஊற்ற, குழாய் நுனியை வாயில் கவ்வி நொடியில் குடித்து முடித்துவிடும். இன்னும் கேட்டு நிற்பதைத் தடியால் மெல்லத் தட்டி அனுப்புவார்கள். தொடவோ உணவு கொடுக்கவோ முடியாது. வளர்ந்ததும் காட்டில் விடப்படப்போகும் குட்டிகள், மனித வாசனை பழகினால் ஊருக்குள் வந்து நிற்கும்.

இதே காரணத்துக்காகத்தான் தணமல்வில வீதியோர மின்வேலியருகே நிற்கும் யானைகளுக்குப் பழம் வாங்கி நீட்ட வேண்டாம் என்கிறோம். சாரதி வேனை மெதுவாக்கினாலும் “வேண்டாம் அண்ணா, போவோம்” என்று சொல்லிவிடுங்கள்.