விழித்திரையில் 'சிரை' வேண்டுமா?

மொழிபெயர்ப்பாளர், எழும்பூர்:
வணக்கம். நோயாளிகளுக்கான துண்டுப் பிரசுரம் ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. விழித்திரையிலிருந்து இரத்தம் திரும்பும் குழாய் அடைத்துக்கொண்டு, வலியே இல்லாமல் ஒரு கண் மங்கும் நோய். 'விழித்திரைச் சிரை அடைப்பு' என்று எழுதி, பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். "கண்ணுல என்னத்தப்பா சிரைக்கிறது?" என்றார். நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுபவற்றை 'இடர்க்காரணிகள்' என்றதற்கு ஒன்றுமே சொல்லவில்லை. மாற்றுச்சொல் தருவீர்களா?

தமிழாசிரியர், பெரம்பூர்:
பாட்டி கேட்டது சரி. சிரை, தமனி இரண்டும் வடமொழி. நம் சொல் நரம்பு. புறநானூறு 278இல் முதியவளுக்கு "நரம்பெழுந்து உலறிய" தோள். அங்கே புடைத்திருப்பது இரத்தக் குழாய்தானே? யாழில் கட்டியதும் நரம்புதான். விரலுக்கு அதிர்வதால் வந்த பெயரோ என்றுகூட எனக்கு ஓர் ஐயம். அது தனி மடலுக்கு. இன்றும் "நரம்பில் ஊசி" என்கிறோமே, அது எந்த நரம்பு?

கண் மருத்துவர், அண்ணா நகர்:
ஐயா, யாழை விடுங்கள். கண் பார்த்ததை மூளைக்குக் கொண்டுபோகும் பார்வை நரம்பு என்று ஒன்று தனியே இருக்கிறது, குழம்பிவிடும். இரத்தம் கொண்டுவரும் தமனி, திரும்பக் கொண்டுபோகும் சிரை, இரண்டு பெயரும் எனக்கு வேண்டும். விழித்திரையில் இவை குறுக்கே கடக்கும் இடத்தில் இரண்டுக்கும் ஒரே உறை. பிரஷராலும் வயதாலும் தமனி தடித்தால், பெரும்பாலும் அடியில் கிடக்கும் சிரை நசுங்கி, இரத்தம் சுழித்து உறையும். கிளைச் சிரை அடைப்பு அப்படித்தான் வருகிறது. கிளைகள் வந்து சேரும் மையச் சிரை அடைத்தது என்றால் கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். காரணங்களில் சர்க்கரை நோய், இரத்தக் கொழுப்பு, புகைபிடித்தலும் உண்டு. வருவது பெரும்பாலும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு.

இல்லத்தரசி, திருவல்லிக்கேணி:
'யாருக்கு வர வாய்ப்பு அதிகம்?' என்று போடுங்களேன்.

தமிழாசிரியர்:
அம்மா, மாப்பிள்ளை வாய்க்கும், நோய் வாய்க்குமா? 'இடர்' என்றாலும் வந்துவிட்ட துன்பம்தான். வரக்கூடியதற்கு 'ஏதம்' எனலாம்.

மொழிபெயர்ப்பாளர்:
'ஏதம்' என்று அனுப்பினேன். தட்டச்சர் 'ஏதும்' என்று திருத்திவிட்டார்.

மொழிபெயர்ப்பாளர்:
வியாழன் இரவு 11 மணி. நால்வர் சரி என்றதால் 'விழித்திரை இரத்தக் குழாய் அடைப்பு', அடியில் சின்ன எழுத்தில் 'சிரை'. 'இடர்க்காரணிகள்' இருந்த இடத்தில் தலைப்பு, 'யாருக்கு வரும்?'

கண் மருத்துவர்:
இரத்தக் குழாய் என்றால் தமனி அடைப்பும் அதில் அடங்கிவிடும். அது வேறு நோய். சரி, அச்சடியுங்கள்.

தமிழாசிரியர்:
'யாருக்கு வரும்?' சாபம் விடுவதுபோல இருக்கிறது. நரம்பை நான் இன்னும் விடவில்லை.